நெல் வெட்டும் மெசின் பதிவுத் தளம்: ஃப்ரண்ட்எண்ட், பேக்எண்ட் இரண்டில் எது யாருடைய வேலை?

விசுவமடுப் பிள்ளை:

வணக்கம். காலபோக அறுவடை வந்தால் எங்கள் பக்கம் வெட்டு மெசினுக்குப் பெரிய இழுபறி. எல்லா வயலும் ஒரேயடியாக விளைந்து நிற்கும், வானம் இருட்டிக்கொண்டு வரும், மெசின்காரருக்குப் போன் எடுத்தால் நாளைக்கு வருகிறேன் என்பார், நாளைக்கு வேறொரு வயலில் நிற்பார். அதனால் எங்கள் கமக்காரர் அமைப்புக்காக ஒரு சின்னப் பதிவுத் தளம் செய்கிறோம். எந்த மெசின், எந்த நாள், எத்தனை ஏக்கர் என்று போனிலேயே பார்த்துப் பதியலாம்.

நான் ஃப்ரண்ட்எண்ட், அதாவது போனில் தெரியும் பக்கம்: ரியாக்டும், வீட் (Vite) என்ற கருவியும். மல்லாவியில் இருக்கும் என் சிநேகிதி பேக்எண்ட், அதாவது பின்னால் சேர்வரில் பதிவைச் சேமிக்கும் பக்கம்: நோட், எக்ஸ்பிரஸ், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். தனித்தனியே இரண்டும் நன்றாக ஓடுகின்றன. சேர்த்தால்தான் பிரச்சினை.

முதலாவது, என் பக்கத்திலிருந்து பதிவை அனுப்பினால் பிரவுசரில் சிவப்பு எழுத்தில் கோர்ஸ் பிழை (வேறு இடத்துச் சேர்வரின் பதிலை வாசிக்க அனுமதி இல்லை என்பது) வருகிறது. அதே விலாசத்தைப் போஸ்ட்மேன் என்ற சோதனைச் செயலியில் போட்டால் ஒழுங்காகப் பதில் வருகிறது. ஆகவே பிழை என்னுடையதுதான் என்று அவள் சொல்கிறாள்.

இரண்டாவது, பெப்ரவரி 10 என்று பதிந்தால், திரும்பி வரும்போது 9 என்று காட்டுகிறது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் 10 என்றுதான் இருக்கிறது.

மூன்றாவதுதான் வாக்குவாதம். அந்த நாளில் மெசின் சும்மா இருக்கிறதா என்று திரையில் பார்த்த பிறகுதான் நான் பதியும் பட்டனைத் திறந்து விடுகிறேன். அதனால் சேர்வரில் திரும்பவும் பார்க்கத் தேவையில்லை என்கிறாள் அவள். நெட்டில் தேடினால் எல்லாரும் சாப்பாட்டுக் கடையையும் குசினியையும் உதாரணம் காட்டுகிறார்கள். அது விளங்குகிறது, ஆனால் அதை வைத்து இதில் ஒன்றையும் தீர்க்க முடியவில்லை. யாராவது விளக்குவீர்களா?

---

வவுனியாப் பெடியன்:

கோர்ஸுக்கு சேர்வரில் கோர்ஸ் பக்கேஜைப் போட்டு, யார் வந்தாலும் அனுமதி என்று நட்சத்திரக் குறி கொடுங்கோ, போய்விடும்.

ஆனால் உண்மையைச் சொன்னால் இந்த வேலைக்கு ரியாக்டே தேவையில்லை. சேர்வரிலேயே முழுப் பக்கத்தையும் எச்.டி.எம்.எல். ஆகக் கட்டி அனுப்பி, சாதாரண ஃபோர்மில் பதிய விடலாம். சிக்னல் குறைந்த இடத்தில் அதுதான் கெதியாகத் திறக்கும். பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இறங்கி முடியும்வரை வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நிற்க ஒருவருக்கும் பொறுமை இருக்காது.

---

இரணைமடுக்காரி:

தங்கச்சி, நான் கனகாலமாகப் பேக்எண்ட் வேலைதான் செய்கிறேன். கிளிநொச்சியில் வீட்டிலிருந்தே செய்கிறேன். இதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நீங்கள் கேட்ட மூன்றும் அடியில் ஒன்றுதான்.

உங்கள் ரியாக்ட் ஓடுவது கமக்காரரின் போனுக்குள். அவளுடைய எக்ஸ்பிரஸ் ஓடுவது சேர்வரில். இரண்டுக்கும் நடுவில் போய் வருவது எழுத்து மட்டும்தான்: ஒரு எச்.டி.டி.பி. கோரிக்கை போகிறது, ஒரு பதில் வருகிறது. அந்த எழுத்தில் இல்லாத எதையும் மற்றப் பக்கம் அறியாது. நீங்கள் பட்டனைப் பூட்டி வைத்திருந்தது சேர்வருக்குத் தெரியாது. சேர்வருக்குள் 10 என்று இருப்பது உங்கள் திரைக்குத் தெரியாது. வந்த எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும். அதனால் இப்படியான குழப்பம் வந்தால் இரண்டு பேரும் கோடைப் பார்த்து வாதாடாமல், பிரவுசரில் நெட்வேர்க் பகுதியைத் திறந்து போன எழுத்தையும் வந்த எழுத்தையும் பாருங்கள். யாருடைய பக்கம் திருத்த வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கோர்ஸ். உங்கள் பக்கம் லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினியின் விலாசம்) 5173இல் திறக்கிறது, அவளுடைய சேர்வர் 3000இல் நிற்கிறது. போர்ட், அதாவது அந்த வாசல் எண், வேறானால் பிரவுசருக்கு அது வேறு ஓரிஜின், வேறு மூலம். ஒரு ஓரிஜினில் இருந்து வந்த ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு ஓரிஜினின் பதிலை வாசிக்க வேண்டுமானால், அந்தச் சேர்வர் தன் பதிலின் ஹெடரில் (தலைப்புக் குறிப்பில்) அனுமதி எழுதி அனுப்ப வேண்டும். நீங்கள் தரவை ஜேசன் என்ற எழுத்து வடிவில் அனுப்புவதால், உண்மையான போஸ்ட் கோரிக்கைக்கு முன்னர் பிரவுசர் தானாகவே ஓப்ஷன்ஸ் என்ற கோரிக்கை ஒன்றை அனுப்பிக் கேட்கும். அதற்கு ஒழுங்கான பதில் வராவிட்டால் உங்கள் பதிவு புறப்படவே புறப்படாது. போஸ்ட்மேன் பிரவுசர் அல்ல, அது இந்த விதியைப் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே ஓடியது என்பதை வைத்து அவளுடையது சரி என்று சொல்ல முடியாது.

வவுனியாத் தம்பி சொன்ன நட்சத்திரக் குறியை நான் போட மாட்டேன். நாளைக்கு குக்கி (பிரவுசர் சேமித்துத் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு) வைத்து லொகின் செய்யத் தொடங்கினால், நட்சத்திரத்தையும் குக்கியையும் பிரவுசர் ஒன்றாக ஏற்காது. திரும்பவும் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். வீட் கருவியின் அமைப்புக் கோப்பில் புரொக்சி (இடையில் நின்று கோரிக்கையைக் கடத்துவது) என்று ஒரு வசதி இருக்கிறது. ஏ.பி.ஐ. (சேர்வரோடு பேசும் வழி) என்று தொடங்கும் பாதைகளை 3000க்கு அனுப்பு என்று அதில் எழுதிவிட்டால், பிரவுசருக்கு எல்லாம் ஒரே ஓரிஜின் ஆகிவிடும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள்: பில்ட் செய்து (பக்கத்தை முடிந்த கோப்புகளாகக் கட்டி) சேர்வரில் ஏற்றிய பிறகு வீட் அங்கே இல்லை, புரொக்சியும் இல்லை, வெறும் கோப்புகள்தான் இருக்கும். அங்கே என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் அதே வேலையைச் செய்யட்டும்: ஒரே டொமைன், ஏ.பி.ஐ. பாதை நோடுக்கு, மற்றதெல்லாம் உங்கள் கோப்புகளுக்கு.

திகதி. இதில் பிழை உங்களுடையது அல்ல. நோடில் போஸ்ட்கிரஸுக்குப் பயன்படுத்தும் பி.ஜி. பக்கேஜ், டேட் வகை நிரலை வாசிக்கும்போது அதை ஜாவாஸ்கிரிப்ட் டேட் பொருளாக மாற்றிவிடும். அந்தக் கணினியின் நேரப்படி 10ஆம் திகதி நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொள்ளும். நமது இலங்கை நேரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தை விட 5:30 மணி முன்னால் இருக்கிறது. ஜேசனாக மாறும்போது அது யு.டி.சி.யில் எழுதப்படுவதால் 9ஆம் திகதி 18:30 என்று வெளியே வருகிறது. நீங்கள் அதில் திகதி இருக்கும் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்திருப்பீர்கள், அதுதான் 9. இதில் மோசமான விசயம் என்னவென்றால், யு.டி.சி.யில் ஓடும் வாடகைச் சேர்வரில் ஏற்றினால் இந்தப் பிழை காணாமல் போகும், அவளுடைய லெப்டொப்பில் மட்டும் திரும்பத் திரும்ப வரும். பி.ஜி.யின் வகை மாற்றியில் 1082 என்ற எண்ணுக்கு (போஸ்ட்கிரஸில் டேட் வகையின் எண்), எழுத்தாகவே கொடு என்று சொல்லச் சொல்லுங்கள். அறுவடை நாள் என்பது ஒரு நாள், அதற்கு மணி இல்லை. போகும்போதும் வரும்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற எழுத்தாகவே போய் வரட்டும்.

மூன்றாவது. இதில் உங்கள் சிநேகிதி சொல்வது பிழை, இதை அவளுக்குக் காட்டுங்கள். புதுமுறிப்பில் ஒருவரும் உருத்திரபுரத்தில் ஒருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று வையுங்கள். இருவருக்கும் மெசின் சும்மா இருக்கிறது என்றுதான் காட்டும், அந்த நேரத்தில் அது உண்மையும்கூட. இருவரும் அழுத்துகிறார்கள். இருவருடைய திரையும் சரியாகத்தான் பார்த்தது, ஆனாலும் ஒரு மெசின் இரண்டு வயலுக்கு. உங்கள் திரையில் இருப்பது கடைசியாகக் கேட்டபோது இருந்த நிலை. இப்போதைய நிலை டேட்டாபேஸில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் முடிவு எடுக்கும் உரிமையும் அங்கேதான்.

முதலில் பார்த்துவிட்டுப் பிறகு எழுதுவது என்று பேக்எண்டில் இரண்டு படியாகச் செய்தாலும் அதே ஓட்டை இருக்கும். இரண்டு கோரிக்கையும் பார்க்கும் படியை ஒன்றாகக் கடந்துவிடலாம். மெசினும் நாளும் சேர்ந்து ஒரு தரம்தான் வரலாம் என்று டேட்டாபேஸிலேயே யுனிக் கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது பதிவை போஸ்ட்கிரஸ் 23505 என்ற பிழையோடு தள்ளிவிடும். அதைப் பேக்எண்ட் 409 (மோதல்) என்ற பதிலாக மாற்றி அனுப்ப வேண்டும். ஃப்ரண்ட்எண்ட் அந்த 409ஐப் பார்த்து, இந்த நாளை இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார் என்று சொல்லி, பட்டியலைப் புதிதாக எடுத்துக் காட்ட வேண்டும். பட்டனைப் பூட்டி வைப்பதை விட்டுவிடாதீர்கள். அது கமக்காரருக்கு வீண் அலைச்சல் வராமல் தடுக்கிறது.

இங்கேயே இன்னொரு விசயம். கோரிக்கை அனுப்பும் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச், 409 வந்தாலும் 500 (சேர்வர் பிழை) வந்தாலும் அதைப் பிழையாக எறியாது. இணைப்பே கிடைக்காவிட்டாலோ, கோர்ஸ் போலப் பிரவுசர் தடுத்தாலோதான் எறியும். பதிலில் ஓகே என்ற புலத்தை நீங்களாகப் பார்க்க வேண்டும். அவளும் எல்லாவற்றுக்கும் 200 (சரி) அனுப்பிவிட்டு உள்ளே பிழை என்று எழுதக் கூடாது. இரண்டும் சேர்ந்தால், பதியாத பதிவுக்கு உங்கள் திரை பச்சை நிறத்தில் பதிவாகிவிட்டது என்று காட்டும். அதை நம்பி ஒருவர் மெசினுக்குக் காத்திருந்து, அதற்குள் மழை பெய்து நெல் முளைத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

வவுனியாத் தம்பி ரியாக்ட் தேவையில்லை என்றது நல்ல ஆலோசனை. நான் தனியாகச் செய்தால் அப்படித்தான் செய்வேன். ஆனால் இவர்கள் இரண்டு பேர், இரண்டு ஊரில், ஆளுக்கொரு பக்கம் படித்தவர்கள். பாதி முடிந்த வேலையைக் கலைக்க வேண்டாம். அப்படிச் செய்தாலும் 409 விசயம் மாறப் போவதில்லை.

---

விசுவமடுப் பிள்ளை:

அக்கா, மிக்க நன்றி. திகதியும் கோர்ஸும் சரிவந்துவிட்டன. சிநேகிதியும் இதை வாசித்தாள். யுனிக் போடத் தொடங்கியபோதுதான் ஒன்று உறைத்தது: ஒரே மெசின் ஒரே நாளில் ஒருவருக்கு மட்டும் வெட்டுவதில்லை. பக்கத்துப் பக்கத்து வயல் என்றால் மூன்று நான்கு பேருக்கும் வெட்டும். நாளுக்கு இத்தனை ஏக்கர் என்று மெசின்காரர் சொல்லுவார். அப்படியானால் யுனிக் பொருந்தாதே?

---

முல்லைக்கடல்:

இடையில் ஒன்று. கொக்குத்தொடுவாய்ப் பக்கம் வயலுக்குள் நின்று பதிந்தால், பட்டனை அழுத்திய பிறகு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பதிந்ததா இல்லையா என்று தெரியாது. திரும்ப அழுத்துவோம், அதுதான் மனித இயல்பு. பிறகு பார்த்தால் இரண்டு பதிவு. இதையும் யோசியுங்கோ.

மற்றது, எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் சில தளங்களில் கிடைப்பதில்லை. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், கணினிக்கு வேறாக இருக்கும்.

---

இரணைமடுக்காரி:

நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள் தங்கச்சி. யுனிக் பொருந்தாதுதான். மெசினுக்கும் நாளுக்கும் ஒரு வரி வைத்து, அதில் மீதி ஏக்கர் என்று ஒரு நிரல் போடுங்கள். நாளுக்கு 10 ஏக்கர் என்று வைப்போம். ஒருவர் 4 ஏக்கர் கேட்டால், மீதியை வாசித்து நோடில் கழித்துத் திரும்ப எழுதக் கூடாது. மீதி 4க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் 4ஐக் குறை என்று ஒரே அப்டேட் கட்டளையாக அனுப்புங்கள். இரண்டு பேர் ஒன்றாக வந்தால், போஸ்ட்கிரஸ் இரண்டாவது ஆளை முதலாவது முடியும்வரை காத்திருக்க வைத்து, பிறகு புதிய மீதியை வைத்து நிபந்தனையைத் திரும்பப் பார்க்கும். எத்தனை வரி மாறியது என்று பாருங்கள்: ஒன்று என்றால் இடம் கிடைத்தது, பூச்சியம் என்றால் 409. ஏக்கரைக் குறைப்பதும் பதிவை எழுதுவதும் ஒரே டிரான்சக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடையில் கரண்ட் போனால் ஏக்கர் குறைந்திருக்கும், பதிவு இருக்காது.

409 பதிலுக்குள் மீதி எவ்வளவு என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நாலு ஏக்கர் கேட்டவருக்கு இரண்டரை இருக்கிறது என்று உங்கள் திரை சொன்னால் அவர் அதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த நாளுக்குப் போடுவார். வெறுமனே இல்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுவார். ஃப்ரண்ட்எண்டுக்கு என்ன தேவை என்று நீங்கள் கேட்டால்தான் பேக்எண்டுக்குத் தெரியும்.

முல்லைக்கடல் சொன்ன இரட்டைப் பதிவு எங்கள் பக்கத்தில் கட்டாயம் நடக்கும். கோரிக்கை சேர்வருக்குப் போய்ப் பதிவாகி, பதில் திரும்பி வரும் வழியில்தான் இணைப்பு அறுந்திருக்கும். பட்டனை ஒரு தரம் அழுத்தியதும் முடக்கினால் போதாது, அவர் பக்கத்தைத் திரும்பத் திறப்பார். ஃபோர்ம் திறக்கும்போதே ஃப்ரண்ட்எண்ட் ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிப் போனிலேயே சேமித்து, பதிலில் வெற்றி என்று வரும்வரை ஒவ்வொரு தடவையும் அதே எண்ணை அனுப்பட்டும். பேக்எண்ட் முதலில் பதிவை அந்த எண்ணோடு எழுதட்டும். இங்கேதான் உங்கள் யுனிக் வேலைக்கு வருகிறது. அந்த எண் ஏற்கெனவே இருந்தால் ஏக்கரைத் தொடாமல் பழைய பதிவையே பதிலாகக் கொடுக்கட்டும். புதியதென்றால் ஏக்கரைக் குறைக்கட்டும், இடமில்லாவிட்டால் முழுவதையும் பின்வாங்கட்டும். அப்போது கமக்காரர் எத்தனை தரம் அழுத்தினாலும் ஒரு பதிவுதான்.

அந்த எண்ணுக்கு பிரவுசரில் உள்ள ரேண்டம் யு.யு.ஐ.டி. (தனி அடையாள எண் உருவாக்கும் வசதி) நன்று. ஆனால் அது எச்.டி.டி.பி.எஸ்.இலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டும்தான் கிடைக்கும். லெப்டொப்பின் 192.168 என்று தொடங்கும் விலாசத்தைப் போனில் திறந்து சோதித்தால் அப்படி ஒன்று இல்லை என்று பிழை வரும். கோடில் தேடிக் களைக்க வேண்டாம்.

ஊர்ப் பெயர் விசயம்: 'கொ' என்பதில் உள்ள கொம்பையும் அரவையும் யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடாகவும் எழுதலாம். விசைப்பலகையைப் பொறுத்து மாறும். பேக்எண்டில் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீர் வடிவுக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகும். ஊர்களைப் பட்டியலாகக் கொடுத்துத் தெரிவு செய்ய விட்டால் இன்னும் நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். பட்டியலை அனுப்பும்போது உங்கள் சிநேகிதி பதிவு வரிசையை அப்படியே முழுதாக அனுப்புகிறாளா என்று நெட்வேர்க் பகுதியில் பாருங்கள். பெயர், போன் நம்பர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஜேசனில் வந்து, நீங்கள் திரையில் நாளையும் ஏக்கரையும் மட்டும் காட்டினால், மற்றவை மறையவில்லை. அந்த விலாசத்தைத் திறக்கும் எவரும் ஊர்ச்சனத்தின் முழு விபரத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். எங்கள் சனத்தின் பெயர்ப் பட்டியல் யார் கையில் போகிறது என்பதில் நாங்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பொதுப் பட்டியலுக்கு மெசின், நாள், மீதி ஏக்கர் இவ்வளவும் போதும். யாருடைய பதிவு என்பதை லொகின் செய்த மெசின்காரருக்கு மட்டும் அனுப்பட்டும், அவர்தானா என்பதை ஒவ்வொரு கோரிக்கையிலும் சேர்வர் பார்க்கட்டும். அடையாள அட்டை இலக்கம் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. நெல் வெட்ட அது தேவையில்லை, வாங்கவே வேண்டாம்.

---

விசுவமடுப் பிள்ளை:

அக்கா, பார்த்தோம். நீங்கள் சொன்னது போலவே எல்லாம் முழுதாகத்தான் வந்துகொண்டிருந்தது. அடையாள அட்டை நிரலை எடுத்துவிட்டோம். இப்போது இருவரும் ஒரு தாளில் ஒவ்வொரு பாதைக்கும் என்ன போகும், என்ன வரும், எந்தப் பிழைக்கு எந்த எண் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அதை எழுதும்போது ஒன்று இடித்தது. மழை பெய்தால் மெசின்காரர் நாளைத் தள்ளிவைப்பார். அது பழையதை அழித்துப் புதிதாகப் பதிவதா?

---

வவுனியாப் பெடியன்:

அந்தத் தாளைப் பிறகு ஓபன் ஏ.பி.ஐ. (பாதைகளை விவரிக்கும் பொது வடிவம்) முறையில் எழுதி வையுங்கோ. அவள் முடிக்கும்வரை நீங்கள் அதிலிருந்து போலிப் பதில் தரும் சேர்வரை ஓடவிட்டு வேலை செய்யலாம். இரட்டைப் பதிவைத் தடுக்கும் அடையாள எண் விசயம் எனக்கும் புதிது, நன்றி அக்கா.

---

இரணைமடுக்காரி:

இரண்டு கோரிக்கையாக அனுப்ப வேண்டாம் தங்கச்சி. அழித்தது போய்ச் சேர்ந்து, புதிய பதிவு சேராவிட்டால் அந்த மனிதருக்குப் பழைய நாளும் இல்லை, புதிய நாளும் இல்லை. நாள் மாற்றுவதற்கென்று தாளில் தனிப் பாதை ஒன்று எழுதுங்கள். ஃப்ரண்ட்எண்ட் பதிவு எண்ணையும் புதிய நாளையும் மட்டும் அனுப்பட்டும். பேக்எண்ட் ஒரே டிரான்சக்ஷனில் புதிய நாளில் ஏக்கரைக் குறைத்து, பழைய நாளுக்குத் திருப்பிக் கொடுத்து, பதிவில் திகதியை மாற்றட்டும். புதிய நாளில் இடமில்லாவிட்டால் எதுவும் மாறாமல் 409.

மழைக்கு ஒரு நாள் முழுவதும் தள்ளிப் போவதுதான் வழக்கம் என்பதால், மெசின்காரருக்கு அந்த நாளின் எல்லாப் பதிவையும் ஒன்றாக நகர்த்தும் பட்டன் ஒன்றும் கொடுங்கள். அப்போது சிலருக்கு இடம் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. யாருக்குக் கிடைக்கவில்லை என்ற பட்டியல் பதிலில் வர வேண்டும், மெசின்காரர் அவர்களுக்கு நேரே போன் எடுத்துக் கதைப்பார். பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் கமக்காரரின் திரை பழைய நாளையே காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வெப்சொக்கெட் (எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு) எல்லாம் வேண்டாம். அவர் போனை மீண்டும் கையில் எடுத்துப் பக்கத்துக்கு வரும்போது ஒரு தரம் பட்டியலைப் புதிதாகக் கேட்டால் போதும், டேட்டாவும் மிச்சமாகும்.

தாள் முடிந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.